கருமண்ணள்ளி ஏரியில் மண் இல்லை

என் சகலை மாதையனுடைய ஊர் ஏரியில் விஷம் இருப்பதாக அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய ஊர் சாமந்திப்பட்டி. என்னுடைய ஊர் கருமண்ணள்ளி. நடுவில் ஒரு மேடும் ஒரு மாந்தோப்பும், அவ்வளவுதான். அறிவிப்பு வந்த வாரத்தில் அவர்கள் ஏரிக்கரையில் பச்சைப் பலகை ஒன்றை நட்டார்கள். ‘முதல்நிலை மாசடைந்த ஏரிப் படிவு. வண்டல் நல வாரியம், தருமபுரி மண்டலம்’ என்று எழுதி, கீழே ஒரு மண்டை ஓடும் வரைந்திருந்தார்கள். மண்டை ஓட்டுக்கு வெயிலில் மின்னுகிற பெயிண்ட். மேட்டில் ஏறி நின்றால் எங்கள் ஊரிலிருந்தே தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் அப்படி அடித்திருந்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு டேங்கர் லாரி ஒன்று அவர்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தது. அதற்கு வழி எங்கள் வீட்டு வாசல்தான். வாசலுக்கு முன்னால் சாலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. லாரி அதில் இறங்கி ஏறும்போது மேல் மூடி வழியாக ஒரு குடம் தண்ணீராவது சிந்தும். என் மனைவி சின்னம்மாள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“எங்க அக்கா வூட்டுக்குப் போவுது,” என்பாள்.

லாரி போனது ஒரு ஊருக்கு. ஆனால் அவளுக்கு அது அக்கா வீட்டுக்குப் போவதாகத்தான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் அந்த விஷம் எங்களுடையது. அதியமான்கோட்டைக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி கழுவுகிற ஷெட்டுகள் இருக்கின்றன. அங்கே கழுவிவிட்ட டீசலும் கிரீஸும் கறுப்பு ஆயிலும் ஓடையில் இறங்கி முதலில் எங்கள் ஏரிக்குத்தான் வரும். எங்கள் ஏரி நிரம்பி வழிந்தால்தான் சாமந்திப்பட்டிக்குப் போகும். அதாவது நாங்கள் வாங்கியது போக மிச்சம்தான் அவர்களுக்கு. மிச்சத்துக்கு மண்டை ஓடும் டேங்கரும், முழுசுக்கு ஒன்றும் இல்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

என் கிணறு எங்கள் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும். முதல் மழை பெய்து ஏரி கலங்கியதும் ஒர்க்ஷாப் வாசம் வரும். மேலே வானவில் மாதிரி ஒரு படலம் நிற்கும். எங்கள் செவலைப் பசு மூக்கை நீட்டி ஒரு தடவை ஊதிவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்த மாதங்களில் சின்னம்மாள் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு மாந்தோப்பு போர்வெல்லுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். போன ஐப்பசியில் சேற்றில் சைக்கிள் சரிந்து கணுக்கால் வீங்கிப்போனது. வீக்கம் வற்றியது, நொண்டல் மட்டும் நின்றுவிட்டது. அந்த டேங்கர் எங்கள் வாசலில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதையனும் அவர் மனைவி நஞ்சம்மாளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நஞ்சம்மாள் கையில் பாட்டிலோடு வந்தாள்.

“ஏன்டி சின்னு, இன்னமும் கெணத்துத் தண்ணியா குடிக்கிறீங்க? எங்களுக்கு அதெல்லாம் ஆவாதுன்னு ஆபீசரே சொல்லிட்டாரு. எங்க ஏரி ரொம்பக் கெட்டுப்போச்சாம். மாவட்டத்துலயே ரெண்டாவதாம்!” என்றாள். மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோதுகூட அவள் குரலில் இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

மாதையன் எழுந்துபோய் எங்கள் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். “உங்க ஏரிக்கு என்னாங்க சகல, கண்ணாடி மாதிரி இருக்குது,” என்றார்.

அவர் இதைவிடக் கேவலமாக என்னைத் திட்டியிருக்க முடியாது.

மறுநாளே வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். கம்பைநல்லூர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்துக்கொண்டேன். முதலில் ‘எங்கள் ஏரிச் சேறு’ என்றுதான் எழுதியிருந்தேன். சேறு என்றால் மதிக்கமாட்டார்களோ என்று பச்சைப் பலகையைப் பார்த்து ‘ஏரிப் படிவு’ என்று திருத்தினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நாற்பத்தோராவது நாள் பதில் வந்தது. ‘தாங்கள் கோரியபடி ஏரிப் படிவம் இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது’ என்று இருந்தது. இணைப்பு பதினான்கு பக்கம்.

ஏரியின் பெயர், ஆதாரில் உள்ளபடி. ஏரியின் தந்தை அல்லது காப்பாளர் பெயர். எனக்குத் தெரிந்தவரை ‘அதியமான்கோட்டை ஓடை’ என்று எழுதினேன். மாசு எவ்வளவு காலமாக வசித்துவருகிறது, சொந்த இடமா வாடகையா? ‘ஒட்டிக்கொண்டு இருக்கிறது’ என்று எழுதினேன். பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: மாசு தானாக வெளியேற முன்வருகிறதா? ஆம் அல்லது இல்லை என்பதில் ஒன்றை அடிக்கவும். ‘கோடையில் இல்லை, மழையில் ஆம்’ என்று எழுதி இரண்டையும் அடிக்காமல் விட்டேன்.

படிவத்தை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். வாரிய அலுவலகத்துக்குக் கீழே அப்துல் சுபான் பாயின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்த மாடிக்கு ஏறுகிற ஒவ்வொரு காகிதமும் அவர் கண்ணில் பட்டுத்தான் ஏறும். என் விண்ணப்ப நகலையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“படிவுன்னு எழுதுனா படிவம் குடுத்திருக்காங்க. பதிவுன்னு எழுதியிருந்தீங்கன்னா பதிவு பண்ணியிருப்பாங்க.”

“மொதல்ல சேறுன்னுதான் பாய் எழுதுனேன்.”

“நல்லவேளை. சோறு வேணும்னு ரேசன் ஆபீசுக்கு அனுப்பியிருப்பாங்க. போங்க, மேல போங்க. எத்தனை காப்பி வேணும்னு அவுங்க சொல்லுவாங்க, மறுபடி எங்கிட்டத்தான் வருவீங்க.”

மாடியில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்றில் ‘ஒட்டுப் பிரிவு’ என்றும் மற்றதில் ‘விடுப்புப் பிரிவு’ என்றும் எழுதியிருந்தது. ஒட்டுப் பிரிவில் எழுத்தர் ரஞ்சித்குமார் இருந்தார். நம் பக்கத்து ஆள்தான், மரியாதையாகப் பேசினார்.

“மாசு மண்ணுல ஒட்டியிருந்தா எங்க பிரிவுங்க. மண்ணை விட்டுட்டுத் தண்ணிக்கு வந்திருச்சுன்னா விடுப்புப் பிரிவு. உங்க மாசு இப்ப எங்க இருக்குதுங்க?”

“கோடைங்க. மண்ணுல இருக்குது.”

“ஒட்டியிருந்தா யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே. அதனால ஒட்டுப் பிரிவுல புகார் எடுக்கறது இல்லீங்க. அது தண்ணிக்கு வந்தப்பறம் வாங்க.”

ஆடியில் நல்ல மழை பெய்தது. ஏரி கலங்கி, கிணற்றில் வானவில் வந்து, செவலை மூக்கால் ஊதிய அன்றைக்கே பஸ் ஏறினேன். விடுப்புப் பிரிவு ஜன்னல் மூடியிருந்தது.

“அவுரு விடுப்புல இருக்காருங்க,” என்றார் ரஞ்சித்குமார்.

“எப்ப வருவாரு?”

“மழைக்காலத்துல அவுருக்கு உடம்புக்கு ஆவாதுங்க. மழை நின்னதும் வந்துருவாரு.”

“மழை நின்னா மாசு மறுபடி மண்ணுல ஒட்டிக்குமேங்க.”

“ஆமாங்க. அப்ப எங்கிட்ட வாங்க.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை.

ஐந்தாவது கடிதத்தில்தான் ஒரு வழி பிறந்தது. ‘சாமந்திப்பட்டியைவிட எங்கள் ஏரி எந்த விதத்தில் குறைந்துவிட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்’ என்று கேட்டிருந்தேன். குறை என்ற சொல்லைப் பார்த்ததும் அது குறைதீர்ப்பு நாளில் சேர்ந்து, உதவி இயக்குநர் பிரபாகரே நேரில் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது.

பிரபாகர் சென்னைக்காரர். ஆறு மாதக் கூடுதல் பொறுப்பில் தருமபுரிக்கு வந்தவர். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஜீப்பின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பேனர் கட்டிய பிறகு ஏரிக்கரையில் ஏறினார். கூடவே ஒரு ஐஸ் பெட்டி. அதைத் திறந்தபோது ஊரே எட்டிப் பார்த்தது. உள்ளே அவர் குடிப்பதற்கான தண்ணீர் இருந்தது.

கரையில் மைக் வைத்திருந்தார்கள்.

“பெரியோர்களே, தாய்மார்களே! மாசு என்றால் என்ன? தண்ணீரில் இருந்தால் அதற்குப் பெயர் மாசு. மண்ணில் இருந்தால் அதற்குப் பெயர் இருப்பு. உங்கள் கருமண் ஒரு சொட்டு எண்ணெயைக்கூட எளிதில் வெளியே விடுவதில்லை. நமது வாரியமும் அப்படித்தான். கடந்த பதினோரு ஆண்டுகளில் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு மனுவைக்கூட நாங்கள் வெளியே விட்டதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!”

ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

பிறகு தண்ணீர் மாதிரி எடுக்கும் சடங்கு. ஊழியர் ஒருவர் பரிசலில் போய், ஏரி நடுவில், விரல் நுனிகூட நனையாமல் மேல்தண்ணீரை மொண்டார். “கலக்காதீங்க! கலக்காதீங்க!” என்று பிரபாகர் மைக்கிலேயே கத்தினார். “விதி பதினேழு. மாசைக் கலக்குபவரே மாசுபடுத்துபவர்!”

“மழை வந்தா அதுவே கலக்குதுங்களே?” என்று கேட்டேன்.

“மழை மீது நடவடிக்கை எடுக்க நமக்கு அதிகாரம் இல்லை,” என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவரோடு தேவிப்பிரியா என்ற பெண்ணும் வந்திருந்தது. பத்து மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த தொழில்நுட்ப உதவியாளர். எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது அந்தப் பெண் மட்டும் பாவாடை நுனியைத் தூக்கிச் செருகிய மாதிரி சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, நீளமான பிளாஸ்டிக் குழாயை அடிச்சேற்றில் அழுத்தி, மேலே கையால் மூடி, முழம் நீளத்துக்குக் கருமண்ணை அப்படியே உருவி எடுத்தது.

“எண்ணெய்க்குத் தண்ணியைப் புடிக்காதுங்க ஐயா,” என்று எனக்கு விளக்கியது. “எலையும் தழையும் மக்கிக் கறுத்துப்போன மண்ணுன்னா ரொம்பப் புடிக்கும். போயி ஒட்டிக்கும். சாமந்திப்பட்டியில அடியில மணல்தான். மணல் புடிச்சு வச்சுக்காது, அதனால அங்க தண்ணியிலயே தெரிஞ்சிருச்சு. உங்க மண்ணு நல்ல மண்ணு. எல்லாத்தையும் புடிச்சு உள்ள வச்சிருக்கு.”

“நல்ல மண்ணா இருக்கறதுதான் குத்தமா?”

“கலங்குனா விடும். மேல ஒட்டுனது சீக்கிரமா விட்டுரும். உள்ள போயி ஊறுனது சீக்கிரம் விடாது. வருசக்கணக்குல உக்காந்துகிட்டு, நல்ல தண்ணி வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கசியும்.”

இதைச் சொல்லும்போது அந்தப் பெண் கரையைப் பார்த்தது. கரையில் பிரபாகர் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் போனில் சொன்னது: “ஐயா, சாமந்திப்பட்டி மண்ணைவிட உங்க மண்ணுல மூணு மடங்கு இருக்குது.”

மூன்று மடங்கு! அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. “மூணு மடங்காம்ல!” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். மாதையனுக்கு நானே போன் செய்தேன்.

“மண்ணுல இருந்தா ஆச்சுங்களா சகல?” என்றார். “தண்ணியில காட்டோணும். எங்களுது தண்ணியிலயே காட்டுச்சு.”

அவர் குரல் லேசாக இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில்தான் எனக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சோறு இறங்கியது.

மாசடைந்த ஏரிகளின் புதுப் பட்டியல் வெளிவந்தது. எங்கள் ஏரி அதில் இல்லை. தனியாக ஒரு உத்தரவு வந்தது. ஜெராக்ஸ் கடை பாய்தான் அதை முதலில் உரக்கப் படித்தார்.

“‘பார்வையில் காணும் ஏரியின் பெயரிலேயே கருமண் அள்ளி என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளதால், மேற்படி ஏரியிலிருந்து கருமண் ஏற்கெனவே அள்ளப்பட்டுவிட்டது எனத் தலைமை அலுவலகம் முடிவு செய்கிறது. மண் இல்லாத ஏரியில் மண்ணில் மாசு இருக்க வாய்ப்பில்லை. எனவே கோப்பு முடிக்கப்படுகிறது.’”

கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற நாலு பேரும் வாய் விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் ஏதோ ஒரு அள்ளிக்காரர், மற்றவர்கள் வேறு வேறு அள்ளிக்காரர்கள். நம் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் அள்ளி. கன்னடத்தில் ஊர் என்று அர்த்தம் என்று பஸ் கண்டக்டரைக் கேட்டால்கூடச் சொல்வார்.

மாடிக்கு ஓடினேன்.

“அள்ளின்னா ஊருங்க! உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியுங்க,” என்றார் ரஞ்சித்குமார். “நானே ஒரு அள்ளிக்காரன்தாங்க. ஆனா தலைமை அலுவலகம் இலக்கணப்படி போவுது. ‘அள்ளி’ இறந்தகால வினையெச்சமாம். முடிஞ்சுபோன வேலை.”

“அப்ப தேவிப்பிரியா எடுத்த மண்ணு?”

“இல்லாத மண்ணுல எடுத்ததாவுது. அந்த ரிப்போர்ட்டைச் சேர்க்க முடியலீங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். சின்னம்மாள் குடங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மாந்தோப்புப் பக்கம் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். ஒரு வாளி கருமண். மேலே கோணிச்சாக்கைக் கட்டி மறுநாள் பஸ் ஏறினேன்.

“என்னாது அது?” என்றார் கண்டக்டர்.

“மண்ணு.”

“எந்த ஊர் மண்ணு?”

“எங்க ஊர்ல இல்லாத மண்ணு.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போடாமலே போய்விட்டார்.

பிரபாகரின் அறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. மீன்கள் செத்துப் பல வருஷம் ஆகியும், தொட்டி அலுவலகச் சொத்துப் பட்டியலில் இருப்பதால் தண்ணீர் மாற்றி, காற்றுக் குமிழி மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போனில் இருந்தார். “இதுல போட்டுக் காட்டட்டுங்களா ஐயா?” என்று கேட்டேன். போனில் யாருக்கோ “ஆமா, ஆமா, தாராளமா” என்று தலையாட்டினார். நான் போட்டுவிட்டேன்.

குமிழி மண்ணைக் கிளறியது. ஒரு நிமிஷத்தில் தொட்டி கறுத்தது. அடுத்த நிமிஷம் மேலே வானவில் படர்ந்தது. லாரி ஷெட் வாசம் அறையை நிரப்பி, வராந்தாவைத் தாண்டி, ஒட்டுப் பிரிவையும் மூடிய விடுப்புப் பிரிவையும் ஒன்றாகச் சேர்த்தது. தேவிப்பிரியா கதவருகில் வந்து நின்று தொட்டியையே பார்த்தது. கண் விரிந்திருந்தது. என் மண்ணை ஒருத்தர் மதித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிரபாகர் மூக்கைக் கர்சீப்பால் மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயந்தவர் எழுந்து, குமிழியின் சுவிட்சை அணைத்தார்.

“உட்காருங்க,” என்றார்.

உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அப்படியே போனது. மண் மெல்லமெல்லக் கீழே இறங்கியது. பிரபாகர் பழைய கோப்பு அட்டையால் மேலிருந்த படலத்தை நாசூக்காக வழித்தார். தண்ணீர் வெளுத்தது.

“பார்த்தீங்களா, தெளிஞ்சிடுச்சு. வாரியத்தின் அணுகுமுறையே இதுதான். பொறுமையா இருந்தா எந்தப் பிரச்சினையும் அடியில போய் உட்கார்ந்துக்கும்.”

“மறுபடி சுவிட்சைப் போட்டுப் பாருங்க ஐயா.”

“நான் ஏன் போடணும்? போடுறவன்தான் குற்றவாளி. விதி பதினேழு.”

அடுத்த வாரம் எனக்கு நோட்டீஸ் வந்தது. குற்றச்சாட்டு ஒன்று: அரசுத் தண்ணீரைக் கலக்கியது. குற்றச்சாட்டு இரண்டு: மண் இல்லாத ஏரியிலிருந்து மண் எடுத்து வந்தது. மீதி மண்ணை எங்கே மறைத்து வைத்திருக்கிறேன் என்பதைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ‘ஏரியில்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். என் கடிதங்களிலேயே சின்னது அதுதான். அந்தச் சொல்லோடு கோப்பு தலைமை அலுவலகம் போனது.

அங்கே அதே நேரத்தில் இன்னொரு கோப்பு காத்திருந்தது. சாமந்திப்பட்டி ஏரியின் மாசடைந்த அடிமண்ணை அள்ளி அப்புறப்படுத்த அனுமதி கிடைத்துவிட்டது, கொட்டுவதற்குத்தான் இடம் இல்லை. பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். மாவட்டத்திலேயே மண் இல்லாமல் காலியாக இருக்கிற ஏரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை டிப்பர் லாரிகள் வரிசையாக மேட்டிலிருந்து இறங்கின. எங்கள் வாசல் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு கூடை சேற்றைச் சிந்தியது. முதல் லாரிக்குப் பின்னால் டி.வி.எஸ்.ஸில் மாதையன் வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர் முகம் மாதிரி இருந்தது.

“எங்க மண்ணெல்லாம் உங்களுக்கே வந்திருச்சுங்க சகல,” என்றார். “உங்க கடுதாசி சாதிச்சிருச்சு.”

முந்நூறு லோடு. ஒவ்வொரு லோடும் விழும்போது எங்கள் அடிச்சேறு பொங்கி எழுந்து ஏரி முழுக்கக் கலங்கியது. யாரும் மைக்கில் கத்தவில்லை. அன்று மாலையே கிணற்றில் வானவில் வந்தது. செவலை மூக்கை நீட்டக்கூட இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் மறுநாள் காலையில் பச்சைப் பலகையையும் பெயர்த்துக்கொண்டு வந்து எங்கள் கரையில் நட்டார்கள். மண்டை ஓடு எங்கள் பக்கம் பார்த்து மின்னியது. எட்டு மணிக்கு டேங்கர் லாரி வாசல் பள்ளத்தில் இறங்கி ஏறி, மேட்டுக்குப் போகாமல், திரும்பி எங்கள் ஏரிக்கரையிலேயே நின்றது.

சின்னம்மாள் இரண்டு குடத்தையும் புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள். வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

“கார்டு குடுங்கம்மா,” என்றார் டிரைவர்.

“என்னா கார்டு?”

“சாமந்திப்பட்டி கார்டு. பலகையைப் படிங்க.”

படித்தேன். ‘முதல்நிலை மாசடைந்த சாமந்திப்பட்டி ஏரிப் படிவு’ என்று இருந்தது. இடம் மாறியபோது இடையில் ஊர்ப் பெயரை மட்டும் புதிதாக எழுதியிருந்தார்கள்.

பிரபாகருக்குப் போன் செய்தேன். “அந்த மண் உங்க ஏரியில விருந்தாளியாத்தான் இருக்கு,” என்று பொறுமையாக விளக்கினார். “நிவாரணம் மண்ணுக்குச் சொந்தக்காரங்களுக்குத்தான். மண் எங்க போகுதோ, டேங்கர் அங்க போகும். உங்க மண் எங்க போச்சோ, அங்க ஒரு டேங்கர் கேட்டு எழுதுங்க.” தேவிப்பிரியாவிடம் பேச வேண்டும் என்றேன். ஒப்பந்தம் முடிந்து விடுவித்துவிட்டதாகச் சொன்னார். அந்த அலுவலகத்திலிருந்து அவ்வளவு எளிதாக வெளியே விடப்பட்டது அந்தப் பெண் ஒன்றுதான்.

இப்போது தினமும் காலையில் சாமந்திப்பட்டிக்காரர்கள் டி.வி.எஸ்.களில் குடம் கட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டி எங்கள் கரைக்கு வருகிறார்கள். அவர்கள் ஏரி சுத்தமாகிவிட்டது. கார்டும் அப்படியே இருக்கிறது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலி ஓரமாக நின்று பார்க்கிறோம். ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி நான் எழுதிய பதினாறாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு படிவம் வந்திருக்கிறது.

நேற்று எல்லோரும் பிடித்து முடித்த பிறகு, குழாயில் கடைசியாகச் சொட்டியதை நஞ்சம்மாள் ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“ஏ சின்னு, நொண்டிக்கிட்டு எங்கயும் போவாத. மிச்சம் இருந்துச்சு, கொண்டாந்தேன்.”

சின்னம்மாள் வாங்கி, ஒரு சொம்பில் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தாள். குடித்தேன்.

இனித்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.